காயம் ஆறுமுன் கணக்கை முடிக்காதீர்!

சென்ற மாதம் நம் சங்க அலுவலகத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித் தரவேண்டும் என்றார். நாற்காலியைக் காட்டினோம். அவர் அதைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். மனுவில் பாதி எழுதியிருப்போம். தெருவில் ஒரு ஜீப் சடாரென்று பிரேக் போட்டு நின்றது. பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். கை நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது. தண்ணீர் கொடுத்து, சற்று நேரம் கழித்து, "ராத்திரி தூக்கம் வருதாங்கய்யா?" என்று கேட்டோம். "வெளக்க அணைச்சா தூங்க மாட்டேன் தம்பி. பொண்டாட்டி சாகுற வரைக்கும் அங்க என்ன நடந்துச்சுன்னு அவ கேக்கல. நானும் சொல்லல" என்றார்.

அவர் பெயரையும் ஊரையும் இங்கே எழுதப் போவதில்லை. மலையடிவாரத்துக் கிராமத்தில் கூலிவேலை செய்து கொண்டிருந்தவர். 1993இல் பிடித்துச் செல்லப்பட்டு, தடா சட்டத்தின்கீழ் மைசூர் மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டு, 2001இல் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டவர். இப்போது மகள் வீட்டில் இதே மைசூரில் இருக்கிறார். நீதிமன்றம் அவரை விட்டுவிட்டது. அந்த இரவுகள் இன்னும் விடவில்லை. அதைப் பற்றித்தான் இம்மாத ஆசிரியவுரையில் எழுத வேண்டியிருக்கிறது.

நடந்தது என்ன?

இளைய வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். வீரப்பனைப் பிடிப்பதற்காகக் கர்நாடக, தமிழ்நாட்டு அரசுகள் அமைத்த சிறப்பு அதிரடிப்படை 1990களில் மாதேசுவரன் மலை முதல் சத்தியமங்கலம் வரையிலான காட்டுப்பகுதி முழுவதையும் தன் பிடியில் வைத்திருந்தது. 1993 ஏப்ரல் 9ஆம் நாள் பாலாறு அருகே நடந்த கண்ணிவெடித் தாக்குதலில் 22 பேர் மாண்டனர். அதன்பின் தேடுதல் வேட்டை முழு வேகத்தில் நடந்தது. வீரப்பன் காட்டில் இருந்தான். அகப்பட்டவர்கள் காட்டோரத்து ஏழைகள்: விறகு வெட்டியவர், மாடு மேய்த்தவர், அரிசி விற்றவர், அவர்தம் மனைவியர். மாதேசுவரன் மலையில் அதிரடிப்படை நடத்திய விசாரணைக் கூடத்துக்கு 'ஒர்க் ஷாப்' என்று பெயர். அங்கே மின்சாரம் பாய்ச்சியதையும், தலைகீழாய்த் தொங்கவிட்டதையும், பெண்களுக்கு இழைத்த கொடுமைகளையும் பாதிக்கப்பட்டவர்கள் பின்னர் நீதிபதியின் முன் நின்று சொன்னார்கள்.

நூற்றுக்கும் மேற்பட்டோர் தடா சட்டத்தின்கீழ் மைசூர்ச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். அந்தச் சட்டம் 1995 மே மாதம் காலாவதியாயிற்று. ஆனால் அதன்கீழ் பிடிபட்டவர்களின் சிறைவாசம் காலாவதியாகவில்லை. 2000 ஜூலை 30ஆம் நாள் நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டபோதுதான், மைசூர்ச் சிறையில் ஐம்பது பேர்போல் இன்னும் விசாரணைக் கைதிகளாகவே கிடக்கிறார்கள் என்பது நாட்டுக்குத் தெரிந்தது. 2001 செப்டம்பரில் மைசூர் தடா நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது சிலர் தண்டிக்கப்பட்டனர், பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டனர். எட்டு ஆண்டுகள் சிறையில் வைத்துவிட்டு, 'குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை, போகலாம்' என்றார்கள்.

தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் ஓய்வுபெற்ற நீதிபதி சதாசிவா, மத்தியப் புலனாய்வுத் துறையின் முன்னாள் இயக்குநர் சி. வி. நரசிம்மன் ஆகிய இருவர் கொண்ட குழுவை அமைத்தது. அக்குழு மலைக்கே சென்று மக்களின் வாக்குமூலத்தைக் கேட்டது. 2003இல் அறிக்கை வந்தது. 2007 ஜனவரியில் ஆணையம் 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்கச் சொன்னது. வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சராசரி மூன்று லட்சத்துக்குச் சற்று அதிகம். அந்தப் பணத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஏழைக் குடும்பத்துக்கு அது பெரும் துணை. ஆனால் பணம் கொடுத்தவர்கள் யாரும் "இந்த மனிதர்கள் இரவில் தூங்குகிறார்களா?" என்று கேட்கவில்லை. கோப்பு மூடப்பட்டது. கணக்கு முடிந்ததாம்!

நாமும் கேட்கவில்லை

ஆட்சியாளரை மட்டும் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. வழக்கறிஞர் வேண்டும் என்றோம். ஜாமீன் வேண்டும் என்றோம். நிவாரணம் வேண்டும் என்றோம். சரியான கோரிக்கைகள்தான். மருத்துவர் வேண்டும் என்று ஒரு தீர்மானம்கூட நாம் போட்டதில்லை. சங்கத்தின் பழைய தீர்மானப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தபின்தான் இதை எழுதுகிறோம்.

1991ஐயும் நாம் அப்படித்தான் கடந்தோம். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வந்தவுடன், டிசம்பர் 12, 13 தேதிகளில் பெங்களூரில் மூண்ட கலவரம் அன்றைய மைசூர் மாவட்டத்துக் கிராமங்களுக்கும் பரவியது. தமிழ்க் குடும்பங்கள் கட்டிய துணியோடு மேட்டூர்ப் பக்கம் ஓடின. ஓடியவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். வீட்டுக்கு ஓடு மாற்றினார்கள், கடைக்குப் பலகை மாட்டினார்கள், பிள்ளைகளைக் கன்னடப் பள்ளியில் சேர்த்தார்கள், வாயை மூடிக்கொண்டார்கள். 2016 செப்டம்பர் 12ஆம் நாள் பெங்களூரில் பேருந்துகள் எரிந்த காட்சி தொலைக்காட்சியில் வந்தபோது, அதே குடும்பங்களில் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் பாட்டிமார் பாத்திரபண்டங்களை மூட்டை கட்டத் தொடங்கியதை நம்மில் பலர் கண்ணால் கண்டோம். "பாட்டிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். பாட்டிக்குப் புத்தி பேதலிக்கவில்லை. அவர் உடம்பு 1991ஐ மறக்கவில்லை.

மனவடு என்பது என்ன?

உயிருக்கு ஆபத்து வரும்போது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள ஆயத்தமாகிறது. நெஞ்சு வேகமாய் அடிக்கிறது, தசை முறுக்கேறுகிறது, கண்ணும் காதும் கூர்மையாகின்றன. ஆபத்து நீங்கியபின் எல்லாம் தணிய வேண்டும். பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தணிந்தும் விடுகிறது. சிலருக்குத் தணிவதில்லை. ஆபத்து போய் முப்பது ஆண்டுகள் ஆன பிறகும் உடம்பு காவல் காத்துக்கொண்டே நிற்கிறது. சிறு சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுகிறது. நடந்தது நினைவாக வராமல், இப்போது நடப்பது போலவே வந்து நிற்கிறது. கனவில் வருகிறது, ஒரு வாடையில், ஒரு காக்கி உடையில் வருகிறது. அதற்குப் பயந்து மனிதர் அந்த வழியே போகாமல் இருக்கிறார். அந்தப் பேச்சை எடுக்காமல் இருக்கிறார். நாளடைவில் யாரோடும் பேசாமலே இருக்கிறார். அன்பும் மரத்துப்போகிறது, கோபம் மட்டும் மிஞ்சுகிறது. பலர் சாராயத்தில் போய் விழுகிறார்கள்.

மருத்துவ உலகம் இதைப் புரிந்துகொண்டது ஏழைகளின் துன்பத்தைப் பார்த்து அன்று. முதல் உலகப்போரில் பீரங்கிச் சத்தத்தின் நடுவே நடுங்கிப்போன சிப்பாய்களைப் பார்த்து, 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 'ஷெல் அதிர்ச்சி' என்ற பெயரில் எழுதினார். அவர்களைக் கோழைகள் என்று சொன்ன தளபதிகளும் இருந்தார்கள். பின்னர் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் அமைப்பாகத் திரண்டு குரல் கொடுத்த பிறகே, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப்பட்டியலில் இதற்குத் தனிப்பெயர் கொடுத்துச் சேர்த்தார்கள். இங்கே ஒரு பாடம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் ஒன்றுகூடிக் கேட்டதால்தான் மருத்துவம் கண் திறந்தது.

தமிழில் இதற்கு நல்ல பெயர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. போரின் நடுவே அங்கே மனநல மருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993இல் தமிழில் எழுதிய நூலின் பெயர் 'மனவடு'. காயம் ஆறினாலும் வடு நிற்கும் என்பது நம் மக்களுக்குப் புதிதன்று. அவர் இன்னொன்றையும் வற்புறுத்தி எழுதினார்: போர் தனிமனிதரை மட்டும் காயப்படுத்துவதில்லை, குடும்பத்தை, ஊரை, ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையைக் காயப்படுத்துகிறது. மாதேசுவரன் மலையடிவாரத்திலும் அதுவே நடந்தது. யார் காட்டிக்கொடுத்தார், யார் யாருக்கு அரிசி கொடுத்தார் என்ற ஐயம் அண்ணன் தம்பிகளைப் பிரித்தது. அந்த ஐயம் இன்றும் சில ஊர்களில் திருவிழாவுக்கு வரி வசூலிக்கும்போது தலை தூக்குகிறது.

போரும் மோதலும் நடந்த நாடுகளில் ஐந்தில் ஒருவர் ஏதேனும் ஒரு மனநோயோடு வாழ்கிறார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் கணக்கிட்டார்கள். நம் நாட்டிலோ, 12 மாநிலங்களில் பெங்களூர் நிம்ஹான்ஸ் முன்னின்று நடத்திய 2015-16ஆம் ஆண்டுத் தேசிய மனநல ஆய்வின்படி, மனநலச் சிகிச்சை தேவைப்படுவோரில் 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை எந்தச் சிகிச்சையும் பெறுவதில்லை. இந்த இரண்டு கணக்கையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். நம் பெரியவர் ஏன் விளக்கை அணைக்காமல் படுக்கிறார் என்பது விளங்கும்.

சாட்சியும் மறதியும்

மனவடுவால் உண்டாகும் இன்னொரு கேட்டை நம் வழக்கறிஞர்கள் நன்கு அறிவார்கள். கொடுமைக்கு ஆளானவர் கூண்டில் ஏறி நிற்கிறார். "எந்தத் தேதி? எத்தனை பேர்? முதலில் யார் அடித்தது?" என்று கேட்கிறார்கள். ஒருமுறை ஒன்று சொல்கிறார். மறுமுறை வேறு சொல்கிறார். "முரண்பாடு! பொய்சாட்சி!" என்று எதிர்த்தரப்பு முழங்குகிறது.

பேரச்சத்தின் நடுவே பதிந்த நினைவு நாட்காட்டியைப் போல் வரிசையாக இருக்காது. அறையின் நாற்றம் துல்லியமாக நினைவிருக்கும். அது செவ்வாயா புதனா என்பது நினைவிராது. கண்ணைக் கட்டி வைத்திருந்தவரிடம் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? இதை உணர்ந்தே, சித்திரவதையை எப்படி விசாரித்து ஆவணப்படுத்துவது என்று 1999இல் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் சேர்ந்து உருவாக்கிய 'இஸ்தான்புல் நெறிமுறை' ஐ.நா. ஏற்ற ஆவணமாக நிற்கிறது. 2022இல் புதுப்பிக்கப்பட்டும் இருக்கிறது. சொல்லில் சிறு மாறுபாடுகள் இருப்பதாலேயே ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பது அதன் அறிவுரைகளில் ஒன்று. அடித்தவன் உண்டாக்கிய காயமே அவனைக் காப்பாற்றும் சாட்சியாக மாறுவதை எந்த நீதி ஏற்கும்?

வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 20ஆம் நாள் தர்மபுரி மாவட்டத்து அந்த மலைக்கிராமத்தில் நடந்த அட்டூழியத்துக்கு 2011 செப்டம்பர் 29ஆம் நாள் தீர்ப்பு வந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்து, வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. முப்பத்தோராண்டு அந்தப் பெண்கள் உடையாமல் நின்றதற்குக் காரணம், அவர்கள் தனித்து நிற்கவில்லை என்பதே. ஊர் கூட நின்றது. இயக்கம் கூட நின்றது. நீதிமன்றப் படியேறும்போது பக்கத்தில் ஒருவர் இருந்தார். மருத்துவ நூல்களும் இதையேதான் சொல்கின்றன: கொடுமைக்குப்பின் ஒருவர் தேறுவதற்குச் சுற்றத்தின் ஆதரவைவிடப் பெரிய துணை அரிது.

என்ன செய்தால் ஆறும்?

நம் மக்கள் முதலில் மந்திரிக்கப் போகிறார்கள், தாயத்துக் கட்டுகிறார்கள், மாதேசுவரனுக்கு வேண்டிக்கொள்கிறார்கள். அதை எள்ளி நகையாட நாம் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மருத்துவர்களே மந்திர உச்சாடனத்தையும் சாந்தி ஆசனத்தையும் மனத்தைத் தணிக்கும் பயிற்சியாகப் பயன்படுத்தினார்கள். ஆனால் பேய் ஓட்டுகிறேன் என்று சவுக்கால் அடிப்பவரிடம், ஏற்கெனவே அடிபட்டவரைக் கொண்டுபோய் விடாதீர்கள். அது இரண்டாம் சித்திரவதை.

அடுத்து மருந்துக்கடை. தூக்கமில்லை என்றவுடன் தூக்கமாத்திரை. மனவடு உண்டான முதல் மாதத்தில் பென்சோடயசிபைன் வகைத் தூக்கமாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் வழிகாட்டியது. அவை வடுவை ஆற்றுவதில்லை. பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு. மனச்சோர்வுக்கான மருந்துகள் சிலருக்கு நல்ல பலன் தருகின்றன. ஆனால் மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டும். நாமாக வாங்கவோ நிறுத்தவோ கூடாது.

முதன்மையான சிகிச்சை பேச்சு. "அதுதான் பேசினால் அழுகிறாரே" என்பீர்கள். கண்டவர் கண்ட இடத்தில் தோண்டிக் கேட்பது சிகிச்சையாகாது. நிகழ்ச்சி நடந்த உடனே எல்லாரையும் உட்காரவைத்து ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்வது பயன் தராது, சிலருக்குக் கெடுதலாகவும் முடியும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பயிற்சி பெற்ற ஒருவர், பாதுகாப்பான அறையில், பல அமர்வுகளாக, பாதிக்கப்பட்டவர் தாங்கும் அளவுக்கு மட்டும் அந்த நினைவை மெல்ல மெல்ல அணுகவைக்கிறார். 'அது அன்று நடந்தது. இன்று நான் இங்கே இருக்கிறேன்' என்று உடம்புக்குப் பழக்குகிறார். இந்த முறைக்குப் பல பெயர்களும் வகைகளும் உண்டு. அடிப்படை இதுதான்.

இதில் ஒரு வகை நமக்கு மிகவும் நெருக்கமானது. சிலி நாட்டில் பினோசே ஆட்சிக்கொடுமையின் நடுவே, சித்திரவதைக்கு ஆளானவர்களின் வாக்குமூலத்தை உளவியலாளர்கள் பதிவு செய்தார்கள். கொடுமையை அம்பலப்படுத்தத் தொகுத்த அந்த வாக்குமூலங்களே சொன்னவர்களின் மனப்பாரத்தையும் இறக்கிவைத்ததைக் கண்டு 1983இல் அதை ஒரு சிகிச்சை முறையாக எழுதினார்கள். அந்த வழியில் பின்னர் ஜெர்மானிய உளவியலாளர்கள் ஒரு முறையை வகுத்தார்கள். தரையில் ஒரு கயிற்றைப் போட்டு, அதைத் தம் வாழ்க்கையாகக் கொண்டு, நல்லது நடந்த இடத்தில் பூவும் கொடுமை நடந்த இடத்தில் கல்லும் வைத்து, பிறப்பிலிருந்து இன்றுவரை ஒருவர் தம் கதையைச் சொல்ல, மற்றவர் எழுதுகிறார். முடிவில் எழுதியதைப் படித்துக் காட்டி அவர் கையில் கொடுக்கிறார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப்பின் ஈழத்தின் வடகிழக்கில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டு தமிழ்க் குழந்தைகளுக்குக் கதைசொல்லும் முறையையும் தியானப் பயிற்சி முறையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டுமே நல்ல பலன் தந்தன. இதற்குப் பெரிய கட்டடமோ வெளிநாட்டு எந்திரமோ வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற, பொறுமையுள்ள, அதே மொழி பேசும் மனிதர் வேண்டும்.

அந்த மொழியில்தான் நம் சிக்கல் இருக்கிறது. மைசூரில் பிழைக்க நம் மக்களுக்குக் கன்னடம் போதும். சந்தையில், பேருந்தில், வேலைத்தளத்தில் நன்றாகவே பேசுகிறோம். ஆனால் இருட்டறையில் நடந்ததைச் சொல்ல, குழந்தையில் அழுத மொழி வேண்டும். சொந்த மொழியில் சொல்ல முடியாதவர் மருத்துவரிடம் "தலைநோவு, நெஞ்சுநோவு" என்று மட்டும் சொல்லி, மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்.

தோழர்கள் எழுப்பும் ஐயம்

நம் செயற்குழுவிலேயே ஒரு தோழர் கேட்டார்: "அநீதிக்கு ஆளானவனை நோயாளி ஆக்குகிறீர்களா? அவனுக்கு வேண்டியது நீதி, மாத்திரை அல்லவே?" மதிக்க வேண்டிய கேள்வி. உரிமைக்குரலைப் 'பைத்தியம்' என்று பட்டம் கட்டி அடக்கிய ஆட்சிகள் உலகில் உண்டு. குற்றவாளியை விட்டுவிட்டுப் பாதிக்கப்பட்டவரை ஆலோசகரிடம் அனுப்பிக் கைகழுவும் அரசுகளும் உண்டு. அந்த வலையில் நாம் விழக்கூடாது.

ஆனால் தோழரே, கால் முறிந்தவரிடம் 'முதலில் வழக்கு முடியட்டும், பிறகு கட்டுப்போடுவோம்' என்று சொல்வீரா? வழக்கு முப்பது ஆண்டு நடக்கிறது. அதற்குள் பெரியவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்ச் சேருகிறார்கள். தூங்க முடியாதவர் போராட வர முடியாது. கூட்டத்தைக் கண்டு அஞ்சுபவர் ஊர்வலத்தில் நடக்க முடியாது. அப்பனின் குடியையும் அடியையும் கண்டு வளரும் பிள்ளை, தன் அப்பனுக்கு என்ன நேர்ந்தது என்பதையே அறியாமல் அவரை வெறுக்கிறது. நீதியும் சிகிச்சையும் வண்டியின் இரண்டு சக்கரங்கள். சிகிச்சை பெறுவது சித்திரவதையில் தப்பியவரின் உரிமை என்று சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையின் 14ஆம் பிரிவே கூறுகிறது. இந்தியா 1997இல் அதில் கையெழுத்திட்டது, இன்றுவரை உறுதிப்படுத்தவில்லை. 2010இல் மக்களவையில் நிறைவேறிய சித்திரவதைத் தடுப்பு மசோதா சட்டமாகாமலே போயிற்று. 2017இல் சட்ட ஆணையம் மீண்டும் வலியுறுத்தியும் பயனில்லை.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்லவேண்டும். இந்த வடு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. ஒர்க் ஷாப்பில் அடிபட்டவர்களில் சோளகர் உண்டு, கன்னடம் பேசும் ஏழைகள் உண்டு. கண்ணிவெடியில் கணவனை இழந்த காவலரின் மனைவியும் உண்டு. வீரப்பனால் கொல்லப்பட்ட உதவி ஆய்வாளர் ஷகீல் அகமதுவின் தந்தை அப்துல் கரீம், தள்ளாத வயதில் உச்சநீதிமன்றம் வரை சென்று வழக்காடினார். 2000 நவம்பரில் தீர்ப்பும் பெற்றார். அத்தீர்ப்பால் மைசூர்ச் சிறையில் இருந்தவர்களின் விடுதலை தள்ளிப்போயிற்று. அது நமக்கு வலித்தது உண்மை. ஆனால் மகனை இழந்த தந்தையின் துயரம் பொய்யாகாது. காக்கியை அளவுகோலாக வைத்து வடுவை அளக்கத் தொடங்கினால், நமக்கும் நம்மை வதைத்தவர்க்கும் வேறுபாடு இல்லாமல் போகும்.

கேட்பதும் செய்வதும்

1924இலேயே உளவியல் துறை கண்ட பல்கலைக்கழகம் இந்த மைசூரில் இருக்கிறது. கல்கத்தாவுக்கு அடுத்து இந்தியாவில் உளவியல் கற்பிக்கத் தொடங்கிய இடம் இது. அதே ஆண்டில் தோன்றிய மருத்துவக் கல்லூரியும் இங்கே இருக்கிறது. நிம்ஹான்ஸ் மூன்று மணிநேரப் பயணத்தில் இருக்கிறது. அறிவு பக்கத்திலேயே இருக்க, வைத்தியமில்லாமல் ஒரு தலைமுறை மாள்கிறது. ஆகவே நாம் இரு மாநில அரசுகளிடமும் கேட்கிறோம்:

ஒன்று: நிவாரணப் பட்டியலில் இடம்பெற்றவர், பெறாதவர் என்ற வேறுபாடு பாராமல், அதிரடிப்படை வேட்டையால் பாதிக்கப்பட்ட அனைவருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும், வீரப்பனால் உறவை இழந்த குடும்பங்களுக்கும், கட்டணமில்லா மனநலச் சிகிச்சை அளிக்கவேண்டும்.

இரண்டு: மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மைசூர், சாமராசநகர், ஈரோடு, சேலம் மாவட்டங்களின் மலைப்பகுதிகளுக்கு மாதந்தோறும் மருத்துவக்குழு செல்லவேண்டும். அதில் தமிழும் சோளகர் மொழியும் அறிந்தவர் இருக்கவேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பண்பாடு, சாதி, அரசியல் கருத்து என எந்த வேறுபாடும் இன்றிச் சிகிச்சை பெறும் உரிமையைத் தருகிறது. நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. நாம் சலுகை கேட்கவில்லை. எழுதிய சட்டத்தை நடத்திக் காட்டச் சொல்கிறோம்.

மூன்று: சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை இந்திய அரசு உறுதிப்படுத்த வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி இருக்கப் போவதில்லை. தமிழ் தெரிந்த மனநல மருத்துவர்கள், செவிலியர், உளவியல் மாணவர்கள் ஆகியோரின் பட்டியல் ஒன்றைச் சங்கம் தயாரிக்கத் தொடங்கியுள்ளது. மருத்துவமனைக்குத் துணைக்குச் செல்லவும், மொழிபெயர்க்கவும் விரும்பும் உறுப்பினர்கள் பெயர் கொடுங்கள். துணைக்குப் போகிறவர் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது முதல் விதி. இன்றே பேச வேண்டியவர்கள் 14416 என்ற எண்ணில் அரசின் 'டெலி மானஸ்' சேவையை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். அருகில் இருப்பவரை எழுப்புங்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் இதைச் செய்யலாம். உங்கள் தெருவில் காரணமின்றி எரிந்துவிழும் பெரியவர், கூட்டத்துக்கு வராத அக்கா, குடியை விடமுடியாத அண்ணன் இருந்தால், 'என்ன ஆச்சு உனக்கு?' என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் காத்திருங்கள். மறுநாளும் போங்கள்.

நம் பெரியவரின் மனுவை எழுதி முடித்துக் கொடுத்தோம். போகும்போது வாசலில் நின்று, "அடுத்த வாரமும் வரட்டுங்களா?" என்று கேட்டார். எழுத வேறு மனு எதுவும் அவரிடம் இல்லை. வரச் சொன்னோம். வந்துகொண்டிருக்கிறார். மூன்றாம் வாரம் மகளையும் கூட்டி வந்தார். அந்த நாற்காலியைச் சுவரோரத்திலேயே, வாசலைப் பார்த்தபடியே போட்டு வைத்திருக்கிறோம்.